இன்று இரவு 9.30க்கு கரண்ட் கட்: அரசாங்கத்தின் பெயரில் வரும் போலி மெசேஜ்கள்

"கடந்த மாத மின்கட்டணம் அப்டேட் ஆகாததால் இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே எங்கள் மின் அதிகாரியை அழைக்கவும்." கீழே ஒரு பத்து இலக்க செல்போன் எண். 2022 வாக்கில் இந்த மெசேஜ் ஆங்கிலத்தில் நாடு முழுக்கச் சுற்றியது. மும்பை அடுக்குமாடியில் இருப்பவருக்கும் வந்தது, மதுரை செல்லூரில் தறி ஓட்டுபவருக்கும் வந்தது. பணம் போனவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. இன்னும் அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பழைய சரக்குதான். ஆனால் இதற்குப் பின் வந்த எல்லா மோசடி மெசேஜுக்கும் இதுதான் அச்சு என்பதால், கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். அப்படியிருக்க 'கடந்த மாத பில்' என்ற ஒன்றே இங்கே கிடையாது. அந்த வாசகத்தை எழுதியவன் மாதாமாதம் பில் வரும் ஏதோ ஒரு மாநிலத்தை நினைத்து எழுதியிருக்கிறான். அதையே எல்லோருக்கும் தட்டிவிட்டிருக்கிறான். மதுரை மண்டலத்தின் மின் இணைப்பு எண்கள் 05 என்று தொடங்கும். அந்த எண் மெசேஜில் எங்கும் இல்லை, ஏனென்றால் அது அவனிடம் இல்லை. அப்புறம் அந்த இரவு 9.30. கட்டணம் கட்டாத வீட்டுக்குப் பகலில் ஆள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். ராத்திரி ஒன்பதரைக்கு நேரம் குறித்துத் துண்டிக்கிற வழக்கம் இல்லை.

ஆனால் அந்த நேரம் சும்மா போட்டது இல்லை. மெசேஜ் வருவது சாயங்காலம் போல. இபி ஆபீஸில் போய்க் கேட்க முடியாது, வங்கி மூடியிருக்கும், வீட்டில் குழந்தைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். மே மாத மதுரையில் ராத்திரி ஃபேன் நின்றால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. யோசிக்க நேரம் இருக்கக் கூடாது, கேட்க ஆள் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் 9.30 என்ற ஒரே எண்ணில் அடைத்துவிட்டான்.

அழைத்தால் மறுமுனையில் மரியாதையாகவே பேசுவார்கள். "சார், நீங்க பணம் கட்டிட்டீங்க, சிஸ்டத்துல அப்டேட் ஆகலை, பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்க, சரியாகிடும்." அந்தப் பத்து ரூபாய்க்காக டீம்வியூவர் குயிக்சப்போர்ட், எனிடெஸ்க் மாதிரி ஒரு ஆப்பை ஏற்றச் சொல்வார்கள். இவை திருட்டு ஆப்புகள் கிடையாது. தொலைவிலிருந்து இன்னொருவர் நம் திரையைப் பார்த்து உதவுவதற்காக உருவாக்கப்பட்டவை. இங்கே உதவுகிறவன் திருடன், அவ்வளவுதான். பத்து ரூபாய் அனுப்பும்போது நாம் அடிக்கும் அட்டை எண், பின் எண், அடுத்து வரும் ஓடிபி எல்லாம் அவன் கண்ணெதிரே ஓடும். பத்து ரூபாயோடு கணக்கில் இருந்த மிச்சமும் போகும்.

நம்புவதற்குக் காரணம் இருக்கிறது

ஏமாந்தவரைப் பார்த்து 'படிச்சவங்களே இப்படியா' என்று உச்சுக் கொட்டுவது ஊர் வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. அரசாங்கம் நிஜமாகவே செல்போனுக்குள் குடிவந்துவிட்டது. ரேஷன் கடையில் பருப்பும் பாமாயிலும் வாங்கினால் கடை வாசலைத் தாண்டுவதற்குள் மெசேஜ் வருகிறது. மாநகராட்சிச் சொத்து வரியை ஆன்லைனில் கட்டலாம். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசலில் காளையை அவிழ்க்க வேண்டும் என்றாலும் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் பதிவு செய்துதான் டோக்கன் வாங்க வேண்டும். காளைக்கே ஆன்லைன் என்றான பிறகு, மனிதருக்கு மின்வாரியம் மெசேஜ் அனுப்பாதா என்று நினைப்பது முட்டாள்தனம் ஆகாது.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது 2023 செப்டம்பர் 15. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. வங்கிக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முன்கூட்டியே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணமும் மெசேஜில்தான் வந்தது. எதிர்வீட்டு அக்காவுக்குப் பணம் ஏறிவிட்டது, தனக்கு ஏறவில்லை என்று காத்திருக்கும் ஒருவருக்கு, 'உங்கள் கணக்கைச் சரிபார்க்க ஓடிபி சொல்லுங்கள்' என்று அழைப்பு வந்தால் அது வானத்திலிருந்து குதித்த செய்தியாகத் தோன்றாது. எதிர்பார்த்த செய்திதான் வந்திருக்கிறது என்று தோன்றும்.

மோசடிக்காரன் கதை கட்டுவதே இல்லை என்று சொல்லலாம். ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிஜக் கதையில் ஏறிக்கொள்கிறான். 2022 நவம்பரிலிருந்து மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொல்லி எல்லோரும் வரிசையில் நின்றோமே, அந்த மாதிரி நேரங்கள் அவனுக்கு அறுவடைக் காலம். 2025 நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் வீடு வீடாகத் தொடங்கியது. உடனே 'படிவத்துக்கு ஓடிபி சொல்லுங்கள்' என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையும் கூடவே வர வேண்டியதாயிற்று. வருமான வரித் தாக்கல் முடிந்ததும் 'உங்களுக்கு 15,490 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது, கணக்கு எண் தவறாக இருந்தால் இந்த லிங்கில் மாற்றவும்' என்று வருவதும் இந்த வகைதான். ரீஃபண்ட் உண்மையில் ஏறுவது, வருமான வரித் தளத்தில் நாமே முன்பு சரிபார்த்துப் பதிந்து வைத்த கணக்கில். மெசேஜில் வந்த லிங்கில் கணக்கை மாற்ற இடமே இல்லை.

கவனித்தால் எல்லாவற்றிலும் இரண்டு பிடிகள்தான். ஒன்று, நமக்கு வர வேண்டிய பணம். இன்னொன்று, நாம் செய்த சின்னத் தப்பு. ஹெல்மெட் இல்லாமல் பக்கத்துக் கடைவரை போகாதவர் மதுரையில் எத்தனை பேர்? அதனால் 'போக்குவரத்து அபராதம் 1,000 ரூபாய்' என்று வந்தால் 'நான் எங்கே போனேன்' என்று கேட்கத் தோன்றாது. 'எந்த சிக்னலில் போட்டோ எடுத்திருப்பான்' என்றுதான் தோன்றும். தொகையும் கட்டுப்படியாகிற தொகையாக இருக்கும். கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்க வைக்கிற அளவு.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதைப் பற்றி எச்சரிக்கை நோட்டீஸ்களில் எழுதுவதே இல்லை. பேரையூர் பக்கத்திலோ சேடப்பட்டியிலோ ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டையில் பதிந்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. வங்கிக் கணக்கில் இருப்பது வீட்டுப் போன். அந்தப் போனில் வரும் ஆங்கில மெசேஜைப் படித்துச் சொல்வது ஒன்பதாவது படிக்கும் பேரன். பில் கட்டியாயிற்றா என்பது பாட்டிக்குத் தெரியும், மெசேஜில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. பேரனுக்கு மெசேஜ் புரியும், பில் விஷயம் தெரியாது. "லிங்க அமுக்கட்டா அப்பத்தா?" என்பான். "என்னமோ பாத்துச் செய்யிடா" என்பார். மோசடி நுழைவது இந்த இடைவெளியில்.

அனுப்புநர் பெயரைப் படிப்பது

இந்தியாவில் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும் என்றால் ஒரு பதிவு முறை உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகள் அவை. அனுப்புகிறவர் யார், என்ன பெயரில் அனுப்புகிறார், வாசகம் எப்படி இருக்கும் என்று மூன்றையும் முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். பதிவோடு ஒத்துப்போகாத மெசேஜை தொலைபேசி நிறுவனம் தடுத்துவிடும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சோதனையை முழுவீச்சில் தொடங்கியபோது வங்கி ஓடிபிகளே வராமல் நாடு தவித்தது. டிராய் ஒரு வாரம் நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கியது. 2024 அக்டோபர் 1 முதல், மெசேஜில் வரும் லிங்கையும் முன்பே பதிந்திருக்க வேண்டும்.

இதனால் உண்மையான துறை மெசேஜ் பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. இரண்டு எழுத்து, ஒரு கோடு, அப்புறம் ஆறு எழுத்துப் பெயர் என்ற வடிவத்தில் வரும். முதல் இரண்டில் ஒன்று தொலைபேசி நிறுவனத்தைக் குறிக்கும், மற்றது மண்டலத்தை. வருமான வரித் துறையிலிருந்து வந்தால் ஐடிடிசிபிசி என்றும், வருங்கால வைப்பு நிதியிலிருந்து வந்தால் இபிஎஃப்ஓஎச்ஓ என்றும் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். 2025இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இந்தப் பெயரின் கடைசியில் இன்னொரு கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கின்றன. அரசு மெசேஜ் என்றால் 'ஜி', சேவை என்றால் 'எஸ்', பணப் பரிவர்த்தனை என்றால் 'டி', விளம்பரம் என்றால் 'பி'. உங்கள் போனில் இப்போதே திறந்து பாருங்கள், தெரியும்.

பயனுள்ள அடையாளம்தான். 'மின் அதிகாரி' என்று சொல்லிக்கொண்டு சாதாரண செல்போன் எண்ணிலிருந்து வரும் மெசேஜை இந்த ஒரு சோதனையிலேயே தள்ளிவிடலாம். ஆனால் தலைகீழாகப் போட்டுப் பார்க்கக் கூடாது. பெயர் சரியாக இருக்கிறது, ஆகவே மெசேஜ் உண்மை என்று முடிவு கட்ட முடியாது. செல்போன் கோபுரம் போல நடித்து, அக்கம்பக்கத்தில் இருக்கும் போன்களுக்கு விருப்பமான பெயரில் எஸ்எம்எஸ் தள்ளும் கருவிகள் உலகத்தில் இருக்கின்றன. 2024இல் லண்டனிலும் பாங்காக்கிலும் இந்தக் கருவிகளோடு ஆட்கள் பிடிபட்டார்கள். இந்த வழி மெசேஜ் தொலைபேசி நிறுவனத்தின் பதிவுச் சோதனைக்குள் நுழைவதே இல்லை.

அதைவிடச் சாதாரணமான ஓட்டை, இந்த விதியெல்லாம் எஸ்எம்எஸ்ஸுக்குத்தான் என்பது. ஐபோனுக்குப் போகும் ஐமெசேஜ், வாட்ஸ்அப் இரண்டும் இணையத்தின் வழியே போகின்றன. 2024இல் இந்தியா போஸ்ட் பெயரில் வந்த மெசேஜ் நினைவிருக்கலாம்: 'உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி சரியில்லை, 48 மணி நேரத்தில் திருத்தாவிட்டால் திரும்பிப் போய்விடும்.' அது வெளிநாட்டு எண்களிலிருந்தும் வந்தது. இந்த வகை மெசேஜில் 'ஒய் என்று பதில் அனுப்பிவிட்டுத் திரும்பத் திறக்கவும்' என்று ஒரு வரி கூடவே இருப்பதுண்டு. ஏன் என்றால், அறியாத எண்ணிலிருந்து வரும் லிங்கை ஐபோன் அமுக்க விடாது. நீங்கள் ஒரு பதில் அனுப்பிவிட்டால் பழக்கமானவர் என்று எண்ணித் திறந்துவிடும். பூட்டை நம் கையாலேயே திறக்க வைக்கிற வேலை.

வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல்

இப்போது அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஆர்டிஓ சலான், பிஎம் கிசான் என்று பெயர் போட்டு, கடைசியில் ஏபிகே என்று முடியும் ஒரு ஃபைல் வாட்ஸ்அப்பில் வரும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல். பிளே ஸ்டோர் வழியாக வந்தால் ஓரளவு சோதனை உண்டு. நேரடியாக வந்தால் அந்தச் சோதனை கிடையாது. திறந்தால் 'தெரியாத இடத்து ஆப்பை ஏற்றலாமா' என்று போன் கேட்கும். சரி என்போம். 'மெசேஜ்களைப் படிக்கலாமா' என்று கேட்கும். அபராத ரசீதைப் பார்க்கும் அவசரத்தில் அதற்கும் சரி என்போம். அந்த இரண்டாவது 'சரி'யோடு கதை முடிந்தது. இனி வரும் ஒவ்வொரு ஓடிபியும் நமக்கு வரும்போதே அவனுக்கும் போகும். நாம் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லையே என்று பிறகு அழுவோம். உண்மையிலேயே சொல்லியிருக்க மாட்டோம்.

இதில் மோசமான பகுதி, அந்த ஆப் நம் போனில் இருக்கும் எண்களுக்கும் குழுக்களுக்கும் அதே ஃபைலைத் தானாக அனுப்புவது. எனவே அடுத்தவருக்கு அது அந்நிய எண்ணிலிருந்து வராது. மேலூர் மாமாவின் எண்ணிலிருந்து வரும், தெருக் குடியிருப்போர் குழுவில் வரும். 'தெரியாத எண்ணை நம்பாதே' என்று காலம் காலமாகச் சொல்லிவந்த புத்திமதி இங்கே எடுபடாது.

உண்மையான இ-சலான் விஷயம் எளிது. மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனுக்கு நாமே போய், சலான் எண்ணைப் போட்டோ, வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கங்களைப் போட்டோ பார்த்தால், அபராதம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இருந்தால் அங்கேயே கட்டலாம். எந்தத் துறையும் அபராத ரசீதை ஆப்பாக அனுப்பாது. பிஎம் கிசானும் அப்படியே: ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாகத் தலா 2,000, பதிந்த கணக்கில் நேராக ஏறும். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயி ஒருவருக்குத் தவணை நின்றுவிட்டது என்றால் இ-கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்போ நிலப் பதிவோ பாக்கி இருக்கலாம். வேளாண் அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ சொல்வார்கள். வாட்ஸ்அப் ஃபைலுக்கு அங்கே வேலையே இல்லை.

முகவரியைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும்

லிங்க் வந்தால் அதில் பரிவாகன், ஜிஓவி, இந்தியாபோஸ்ட் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது நம் பழக்கம். அவை எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். தபால் உறையில் முதல் வரியில் 'கலெக்டர் ஆபீஸ்' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். உறை எந்த ஊருக்குப் போகும் என்பதைக் கடைசி வரிதான் தீர்மானிக்கும். இணைய முகவரியும் அதே போல. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் வால்பக்கத்தைப் பார்க்க வேண்டும். 'பரிவாகன் டாட் ஜிஓவி டாட் இன்' என்று புள்ளி வைத்து முடிந்தால் அது அரசுத் தளம். 'பரிவாகன்-ஜிஓவி-இன் டாட் டாப்' என்றால் 'டாட் டாப்' என்ற இடத்தில் எவனோ ஒருவன் காசு கொடுத்து வாங்கிய பெயர். நடுவில் கோடு போட்டு ஜிஓவி என்று எழுதிக்கொள்வது அவன் இஷ்டம். ஜிஓவி டாட் இன் என்ற முடிவை அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் தருகிறார்கள்.

சரி, ஜிஓவி டாட் இன் இல்லாதது எல்லாம் போலியா? அதுதான் இல்லை. நம் மின்வாரியத்தின் தளமே டிஎன்பிடிசிஎல் டாட் ஓஆர்ஜி. ஆன்லைனில் மின்கட்டணம் கட்டும் டிஎன்இபிநெட் தளமும் ஓஆர்ஜிதான். ஓஆர்ஜி என்ற முடிவை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். லட்சக்கணக்கான வீடுகள் பணம் கட்டும் இடம் இப்படி இருக்கும்போது, மக்களைப் பார்த்து 'அரசு முகவரியா என்று கவனியுங்கள்' என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் இருக்கிறது. பழக்கத்தை மாற்ற வேண்டியது பாட்டி மட்டும் இல்லை, துறைகளும்தான். லிங்கே இல்லாமல், தமிழில், இணைப்பு எண்ணைப் போட்டு, 'இபி ஆபீஸிலோ ஆப்பிலோ கட்டுங்கள்' என்று மட்டும் அனுப்பினால் மோசடிக்காரனுக்கு நடிக்க ஒன்றும் மிஞ்சாது.

எழுத்துப்பிழையைப் பார்த்துக் கண்டுபிடி என்பார்கள். அந்தக் காலமும் மலையேறிவிட்டது. பிழையில்லாத தமிழில் மெசேஜ் எழுதித்தர இப்போது கருவிகள் இருக்கின்றன; இன்னொரு பக்கம், உண்மையான துறை மெசேஜ்களிலேயே வாக்கியம் தடுமாறுவதைப் பார்க்கிறோம். முத்திரை, சின்னம், அதிகாரியின் புகைப்படம் எல்லாம் யாரும் ஒட்டலாம்.

ஆகவே மெசேஜின் முகத்தைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று ஜோசியம் பார்ப்பதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அது நம்மை என்ன செய்யச் சொல்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். ரேஷன் மெசேஜைப் பாருங்கள்: இன்ன தேதியில் இன்ன பொருள் வாங்கப்பட்டது, முடிந்தது. நம்மை ஒன்றும் செய்யச் சொல்வதில்லை. வாங்காத சீனியை வாங்கியதாக வந்தால் 1967க்குப் புகார் சொல்லலாம், அது வேறு கதை. ஒரு மெசேஜுக்குள்ளேயே லிங்கை அமுக்கு, இந்த எண்ணுக்குப் பேசு, ஃபைலை ஏற்று, ஓடிபி சொல் என்று ஏதாவது இருந்தால், செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு அது காட்டும் வழியை விட்டுவிட வேண்டும். கரண்ட் பில் பாக்கி என்கிறதா? இருக்கலாம். மின் அட்டையில் உள்ள இணைப்பு எண்ணைக் கொண்டு வழக்கமாகக் கட்டும் ஆப்பில் பாருங்கள், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987இல் கேளுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள். ஒன்பதரை மணி மிரட்டலுக்கு அதுவே பதில். ஆதார் என்றால் 1947. மாநில அரசின் எந்தத் திட்டம் என்றாலும் முதல்வரின் உதவி மையம் 1100. சொத்து வரி என்றால் உங்கள் மண்டல அலுவலகம் நடக்கிற தூரத்தில் இருக்கும்.

எண்ணை கூகுளில் தேடாதீர்கள். 'கஸ்டமர் கேர்' என்று தேடுபவர் கையில் கிடைக்கட்டும் என்றே போலி எண்களை இணையத்தில் விதைத்து வைத்திருக்கிறார்கள். அட்டையின் பின்புறம், பழைய ரசீது, துறையின் சொந்தத் தளம், இவற்றில் இருக்கும் எண்தான் எண். போலீஸ், சிபிஐ, டிராய் என்று சொல்லி 'உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் முடக்கப்படும்', 'வீடியோ காலிலேயே உங்களைக் கைது செய்திருக்கிறோம்' என்று வருவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று சட்டத்தில் இல்லை, போனைத் துண்டித்துவிடலாம்.

பணம் போய்விட்டால்

1930. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சைபர் குற்ற உதவி எண். முதலில் 155260 என்று இருந்தது, பிறகு மாறியது. அழைத்ததும் எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். அந்தத் தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே போகும். கணக்கில் இன்னும் பணம் இருந்தால் எடுக்க முடியாமல் நிறுத்திவைப்பார்கள். திருடனும் சும்மா இருப்பதில்லை. வந்த பணத்தை நிமிடங்களில் நாலைந்து கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி, எங்கோ ஒரு ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். எனவே 'காலையில் பையன் வரட்டும், பேசிக்கொள்ளலாம்' என்று ஒரு இரவு தள்ளினால் அநேகமாகப் பணம் போனது போனதுதான். அதன்பின் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்து ஒப்புகை எண் வாங்க வேண்டும். மதுரை மாநகரத்துக்கும் புறநகர் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, நேரிலும் போகலாம்.

வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். காரணம், ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. வாடிக்கையாளர் மீது தப்பே இல்லாமல் மூன்றாம் ஆளின் கைவரிசையால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால், நஷ்டம் முழுக்க வாடிக்கையாளருக்கு இல்லை. நாலிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு நஷ்டத்தில் பங்கு. ஓடிபி சொன்னது மாதிரி நம் கவனக்குறைவு இருந்தால் போன பணம் நம் தலையில்தான். ஆனால் அந்த வகையிலும், நாம் வங்கியிடம் சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போகிற பணம் வங்கியின் பொறுப்பு. வெட்கத்தில் மறைத்து வைப்பவர்கள் இழப்பது இந்தப் பாதுகாப்பைத்தான். சொன்னதற்கு அத்தாட்சி முக்கியம்: கிளையில் எழுதிக் கொடுத்தால் நகலில் முத்திரையும் நேரமும் வாங்குங்கள், போனில் சொன்னால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏபிகே ஃபைலைத் திறந்தாகிவிட்டது என்றால் முதலில் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைத்துவிட்டு, வேறொருவர் போனிலிருந்து வங்கிக்கும் 1930க்கும் பேசுங்கள். அந்த ஆப்பைக் கண்டுபிடித்து நீக்க முடியாவிட்டால் போனை ஃபேக்டரி ரீசெட் செய்வதே மேல். குடும்பப் போட்டோக்கள் போகும், பரவாயில்லை. அழைப்புகளையும் திருப்பி விட்டிருக்கலாம் என்பதால் ##002# என்று அடித்து கால் ஃபார்வர்டிங்கை ரத்து செய்துவிடுங்கள். பணம் போகவில்லை, மெசேஜ் மட்டும்தான் வந்தது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். அங்கேயே நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். ஒன்பதுக்கு மேல் ஒருவருக்குக் கிடையாது. நமக்குத் தெரியாத எண் இருந்தால் 'என்னுடையது இல்லை' என்று அங்கேயே குறிக்கலாம்.

அந்தப் பணம் போய் விழும் கணக்கு யாருடையது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. திருடன் தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. கல்லூரிப் பையன்கள், வேலை தேடுகிறவர்கள், கடனில் இருப்பவர்கள் என்று பார்த்து, "தம்பி, ஒரு அக்கவுண்ட் தொடங்கி ஏடிஎம் கார்டும் சிம்மும் குடு, சில ஆயிரம் தர்றேன், நீ ஒண்ணும் செய்ய வேணாம்" என்று வாங்கிவிடுவார்கள். மெசேஜ் அனுப்பியவன் எங்கோ இருப்பான். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்குச் சொந்தக்காரன் வீட்டு வாசலில், அதுவும் வேறு மாநிலத்துப் போலீஸாக இருக்கலாம். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவுகள் தனி. வீட்டில் யாராவது அப்படிக் கணக்கைக் கொடுத்திருந்தால், இன்னும் போன் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை கிளைக்குப் போய் கார்டை முடக்கி, கணக்கை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு, சைபர் கிரைம் நிலையத்தில் நடந்ததைச் சொல்லிவிடுவதுதான் அந்தப் பையனுக்கு இன்னும் திறந்திருக்கும் வழி.